பன்னிரண்டு மைக்ரோசர்வீஸ்களை (ஒரு மென்பொருளின் தனித்தனியாக இயங்கும் சிறு பகுதிகளை) ஒரே ரெப்போவில் (நிரல்களைச் சேமிக்கும் இடத்தில்) வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். ஆனால் ரெப்போ ஒன்று என்பதற்காக டிப்ளாய்மென்ட்டும் (சர்வரில் ஏற்றி இயக்குவதும்) ஒன்றாகிவிடக் கூடாது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் தனி ஃபோல்டர், தனி டாக்கர்ஃபைல் (சர்வீஸை இயக்கத் தயாரான பொதியாகக் கட்டும் குறிப்புக் கோப்பு); பொது லைப்ரரிகள் வேறிடத்தில். ஒரு சர்வீஸ் இன்னொன்றின் உள் நிரலை நேரடியாக இம்போர்ட் செய்ய விடவே விடாதீர்கள். பக்கத்து ஃபோல்டர்தானே என்று தொடங்கி, கடைசியில் எதையும் தனியாக மாற்ற முடியாமல் போகும். சர்வீஸ்கள் ஏபிஐ (வெளியிலிருந்து அழைப்பதற்கென வரையறுத்த இடைமுகம்) வழியாகவே பேசட்டும்.

அப்புறம் சிஐ, அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் தானாக பில்ட் செய்து சோதிக்கும் ஏற்பாடு. மாறிய சர்வீஸை மட்டும் பில்ட் செய்ய கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் பாத் ஃபில்டர் (எந்த ஃபோல்டர் மாறியது என்று பார்த்து ஓட்டும் வசதி) போதும். பொது லைப்ரரி மாறினால் அதை நம்பியிருக்கும் எல்லாவற்றின் டெஸ்ட்டும் ஓட வேண்டும். இந்தச் சார்புகளைக் கணக்கிடத்தான் பேசல் (Bazel), என்எக்ஸ் (Nx) போன்ற கருவிகள்.

இரண்டு சர்வீஸ்களை ஒரே கமிட்டில் (ரெப்போவில் ஒன்றாகப் பதியும் மாற்றத்தில்) மாற்றினாலும் அவை ஒரே நொடியில் டிப்ளாய் ஆகாது. பழைய வெர்ஷனும் புதியதும் சற்று நேரம் சேர்ந்தே ஓடும். அதனால் ஏபிஐயில் புது ஃபீல்டை முதலில் சேர்த்து, எல்லா சர்வீஸும் அதற்கு மாறிய பிறகே பழையதை நீக்குங்கள்.