மைக்கை மாற்றும் முன் மெத்தையைச் சாய்த்துப் பாருங்கள்

வீட்டில் கிட்டார் பதிவு செய்வது பற்றி, குறிப்பாகச் சிறிய கண்டென்சர் மைக்குகள் (மின்சாரம் ஊட்ட வேண்டிய, நுட்பமாகக் கேட்கும் மைக்குகள்) பற்றி, வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள். பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

ரோட் எம்5 ஜோடி, ரோட் என்டி5 ஜோடி, நாய்மன் கேஎம்184 ஒன்று. அக்கூஸ்டிக் கிட்டாருக்கு இதில் எதை வாங்கலாம்? விலையில் இருக்கிற வித்தியாசம் காதில் இருக்குமா? (பெரம்பூர் வாசகர்)

இருக்கும். ஆனால் விலை எத்தனை மடங்கோ அத்தனை மடங்கு இருக்காது.

முதலில் சுய இரைச்சல், அதாவது மைக் தானாகவே எழுப்பும் சத்தம். கேஎம்184-க்கு 13 டெசிபெல், என்டி5-க்கு 16, எம்5-க்கு 19. (எல்லாம் ஏ-வெயிட்டிங், அதாவது காது கேட்கும் விதத்துக்கேற்பத் திருத்திய அளவு.) மின்விசிறியை நிறுத்திவிட்டு நடுராத்திரியில் அளந்தாலும் நம் ஊர் அடுக்ககத்து அறை 30 டெசிபெல்லுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அப்படியானால் 13 என்ன, 19 என்ன என்று கேட்கலாம். பாதி சரி. அறையின் சத்தம் பெரும்பாலும் அடிஸ்தாயியில் கிடக்கும்: லாரி, தண்ணீர் மோட்டார், பக்கத்து வீட்டு ஏசி. மைக்கின் இரைச்சலோ மேல்ஸ்தாயியில் ‘உஸ்ஸ்’ என்று தனியாக நிற்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டியதும் அறைச் சத்தத்தில் நல்ல பங்கு போய்விடும், உஸ் அப்படியே இருக்கும். ஸ்டீல் கம்பியை பிக் வைத்து வாசிக்கிறவருக்கு 19 டெசிபெல் ஒரு பொருட்டே இல்லை. நைலான் கம்பியை விரலால் மெல்ல மீட்டி, மைக்கை அரை மீட்டர் தள்ளி வைக்கிறவருக்கு எம்5-இன் உஸ் கேட்கும்.

அதிகபட்ச ஒலி அழுத்தம் 138, 143 என்றெல்லாம் பெட்டியில் போட்டிருப்பதை விட்டுவிடுங்கள். அதெல்லாம் டிரம்ஸ்காரர்கள் கவலை.

காசு உண்மையில் போகும் இடம் வேறு: மைக்கின் முகத்துக்கு நேரே வராமல் பக்கவாட்டில் வரும் ஒலி. நேர் எதிரே வைத்துக் கேட்டால் மூன்று மைக்கும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி பக்கவாட்டில் நுழையும்போது அதை நிறம் மாறாமல் எடுப்பதில்தான் கேஎம்184 தன் விலையைக் காட்டுகிறது. சுவர்கள் எதிரொலிக்கிற 10-க்கு 10 அறையில் அந்த அருமை உங்களுக்கு எதற்கு? மோசமான எதிரொலியை உண்மையாகப் பதிவு செய்து தருவதற்கா?

எங்கள் கணிப்பு: முதல் மைக் என்றால் எம்5 ஜோடி, மிச்சப் பணத்தில் ஆடாத இரண்டு ஸ்டாண்ட். அறையை ஓரளவு சரிசெய்து முடித்தவர் என்றால் என்டி5 ஜோடி. அதன் மேல்ஸ்தாயி சற்றுத் தூக்கலானது. ஏற்கெனவே பளபளவென்று ஒலிக்கிற கிட்டாரில் புதுக் கம்பி போட்ட அன்று அது கொஞ்சம் கூசும். அந்தக் கூச்சம் பிடிக்காதவர்கள் 1978 முதல் விற்பனையில் இருக்கும் ஷ்யூர் எஸ்எம்81-ஐக் கேட்டுப் பார்க்கலாம், மேலும் கீழும் சமமாக ஓடும் மைக். பாட்டும் கிட்டாரும் சேர்த்துப் பாடுகிறவருக்கு ஒரு மைக்கே போதும். ஜோடி தேவைப்படாத அவருக்கு ஒற்றை கேஎம்184 வீண் செலவு ஆகாது.

கடையில் இரண்டு மைக்கை மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒன்று தெளிவாக நன்றாக இருந்தது. வாங்கி வந்தால் வீட்டில் அப்படி இல்லை. ஏன்? (குரோம்பேட்டை வாசகர்)

சத்தம் கூடுதலாக இருந்த மைக்கைத்தான் ‘தெளிவு’ என்று காது சொல்லியிருக்கும். மைக்குக்கு மைக் உணர்திறன் (ஒரே சத்தத்துக்கு மைக் தரும் மின்னழுத்தம்) மாறும். என்டி5 ஒரு பாஸ்கலுக்கு 12 மில்லிவோல்ட் தருகிறது, கேஎம்184 15 தருகிறது. கெயின் குமிழை (மைக்கின் ஒலியைப் பெருக்கும் குமிழ்) தொடாமல் மாற்றினால் இரண்டாவது சுமார் 2 டெசிபெல் உரக்க ஒலிக்கும். அந்த 2 டெசிபெல்லை உரக்க என்று யாரும் உணர்வதில்லை, நன்றாக இருக்கிறது என்றுதான் உணர்கிறோம்.

நேர்மையான ஒப்பீடு வேண்டுமென்றால் இரண்டு மைக்கையும் ஒரே ஸ்டாண்ட் பாரில், முகங்கள் ஒட்டினாற்போல் வைத்து, ஒரே வாசிப்பை இரண்டு டிராக்கில் ஒரே சமயத்தில் பதிவு செய்யுங்கள். இரண்டு முறை வாசித்து ஒப்பிட்டால் மைக்கை அல்ல, உங்கள் கையைத்தான் ஒப்பிடுகிறீர்கள். பிறகு இரண்டு டிராக்கின் சராசரி அளவையும் அரை டெசிபெல்லுக்குள் சமமாக்குங்கள். எது எது என்று தெரியாதபடி வேறொருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். கடைசியாக மைக்குகளின் இடத்தை மாற்றி இன்னொரு முறை பதிவு செய்யுங்கள். முதல் சுற்றில் பிடித்த மைக் இரண்டாவது சுற்றில் பிடிக்காமல் போனால், உங்களுக்குப் பிடித்தது மைக் அல்ல, அது இருந்த இடம்.

மைக்கை சவுண்ட் ஹோலுக்கு நேராக வைத்தால் ‘கும்’ என்று அடிக்கிறது. குறிப்பாக ஜி, ஏ கார்டுகளில். மைக் கோளாறா? (ஆதம்பாக்கம் வாசகர்)

மைக் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. கிட்டார் பெட்டிக்குள் இருக்கும் காற்று, துளை வழியாக 100 ஹெர்ட்ஸை ஒட்டி அதிர்கிறது. ஆறாவது கம்பியின் ஜி 98 ஹெர்ட்ஸ், திறந்த ஐந்தாவது கம்பியின் ஏ 110 ஹெர்ட்ஸ். இரண்டும் அந்த அதிர்வுக்குப் பக்கத்து வீடு. அதோடு கார்டியாய்டு மைக்கை, அதாவது முன்பக்கம் அதிகம் கேட்கும் மைக்கை, 10, 15 செ.மீ. நெருக்கத்தில் வைத்தால் அடிஸ்தாயி தானாகவே ஏறும். இரண்டும் சேர்ந்ததுதான் உங்கள் ‘கும்’.

12-ஆவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) நேரே 30 செ.மீ. தூரத்தில் ஆரம்பியுங்கள். மைக்கின் முகம் கழுத்தும் உடலும் சேருமிடத்தைப் பார்க்கட்டும், துளையைப் பார்க்க வேண்டாம். ஒல்லியாகக் கேட்டால் ஸ்டாண்டை நகர்த்தாமல் முகத்தை மட்டும் 10, 15 டிகிரி துளைப் பக்கம் திருப்புங்கள். விரல் கம்பியில் சறுக்கும் கீச்சொலி அதிகமென்றால் மைக்கைச் சற்று மேலே ஏற்றி, உங்கள் வலது தோளுக்கு மேலிருந்து கீழே பார்க்கும்படி வையுங்கள். ஒவ்வொரு முறையும் 3, 4 செ.மீ. நகர்த்தினால் போதும். ஈக்வலைசரில் அரைமணி நேரம் திருகிக் கிடைப்பதை இந்த 4 செ.மீ. தந்துவிடும்.

ஒரு கூடுதல் வழி: ஆக்டாவா எம்கே012 போலக் கேப்சூலை (ஒலியைப் பிடிக்கும் தலைப்பகுதி) கழற்றி மாட்டும் மைக் இருந்தால் ஓம்னி கேப்சூலைப் போடுங்கள். ஓம்னியில் நெருக்கத்தால் அடிஸ்தாயி ஏறும் தொல்லை கிடையாது, 15 செ.மீ. வரை கிட்டே கொண்டுபோகலாம். நாலாபக்கமும் கேட்கிற மைக்கை எதிரொலிக்கிற அறையில் வைப்பதா என்று தோன்றும். 15 செ.மீ.யில் வைத்த ஓம்னியும் 25 செ.மீ.யில் வைத்த கார்டியாய்டும் ஏறத்தாழ ஒரே அளவு அறையைத்தான் எடுக்கும்.

ஒரு மைக் 12-ஆவது ஃப்ரெட்டில், இன்னொன்று பிரிட்ஜ் (கம்பிகள் உடலில் கட்டப்பட்ட இடம்) பக்கம். ஹெட்ஃபோனில் அருமையாக இருக்கிறது, கைப்பேசியில் போட்டால் டப்பாவுக்குள் வாசித்த மாதிரி இருக்கிறது. (வேளச்சேரி வாசகர்)

பல கைப்பேசிகள் இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடும். ஒரே ஒலி இரண்டு மைக்குக்கும் வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது, கலக்கும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். ஒரு மைக் 30 செ.மீ.யிலும் மற்றது 60 செ.மீ.யிலும் இருந்தால் முதல் பள்ளம் 580 ஹெர்ட்ஸில், அடுத்தது 1,740-இல், அதற்கடுத்தது 2,900-இல். கிட்டாரின் உடம்பும் உயிரும் அந்த இடங்களில்தான் இருக்கின்றன. தூரத்து மைக்கின் சத்தம் குறைவு என்று கெயினை ஏற்றிச் சமமாக்கினால் பள்ளம் இன்னும் ஆழமாகும்.

ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜுக்கும் 12-ஆவது ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு புள்ளியிலிருந்து இரண்டு மைக் முகங்களுக்கும் அளந்து, தூரம் சமமாகும்வரை நகர்த்துங்கள். பிறகு இரண்டையும் மோனோவாக்கி, ஒன்றின் ஃபேஸ் பொத்தானை (ஒலி அலையைத் தலைகீழாக்கும் பொத்தான்) போட்டும் எடுத்தும் கேளுங்கள். அடிஸ்தாயி நிறைந்து கேட்கும் நிலைதான் சரி. இந்த வேலையே வேண்டாம் என்றால் எக்ஸ்-ஒய் முறை: இரண்டு முகங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக 90 டிகிரியில் குறுக்கே வைத்து, 12-ஆவது ஃப்ரெட்டிலிருந்து 35 செ.மீ. தூரம். விரிவு குறையும், ஆனால் மோனோவில் கெடாது. ‘மூன்றுக்கு ஒன்று’ விதியை (மைக்குக்கும் கருவிக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்கு தூரம் மைக்குகளுக்கு இடையே) இதற்குச் சொல்கிறார்கள். அது தனித்தனிக் கருவிக்குத் தனித்தனி மைக் வைக்கும்போது ஒலி ஒழுகாமல் இருக்கச் சொன்ன விதி. ஒரே கிட்டாருக்கு இரண்டு மைக் வைக்கிறவருக்கு அது உதவாது.

அறைச் சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமா? மைக்குக்குப் பின்னால் வைக்கும் வளைந்த ஃபோம் தடுப்பு பயன்படுமா? (கோடம்பாக்கம், பெரம்பூர், தாம்பரம் வாசகர்கள்)

முட்டை அட்டை கரப்பான்பூச்சிக்குப் பயன்படும். வெளிச் சத்தத்தைத் தடுக்காது, உள்ளே மேல்ஸ்தாயியை மட்டும் கொஞ்சம் உறிஞ்சி, அடிஸ்தாயியை அப்படியே விட்டுவிடும். அறை முன்னைவிட மந்தமாகக் கேட்கும்.

வளைந்த தடுப்பு மைக்கின் முதுகை மூடுகிறது. கார்டியாய்டு மைக் முதுகுப் பக்கம் ஏற்கெனவே பாதிச் செவிடு. அது நன்றாகக் கேட்பது எதிரே, அதாவது உங்களையும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். ஆகவே மெத்தையை நீங்கள் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால் நிறுத்துங்கள். 4 அங்குல இலவம்பஞ்சு மெத்தை, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. கடையில் விற்கும் ஒரு அங்குல ஃபோமைவிட இது கீழ்வரை உறிஞ்சும். தரையில் டைல்ஸ் என்றால் கிட்டாருக்கும் மைக்குக்கும் நடுவே ஜமக்காளத்தை நான்காக மடித்துப் போடுங்கள்.

உட்காரும் இடமும் முக்கியம். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி என்றால் மூன்று திசையிலும் 57 ஹெர்ட்ஸிலும் 114-இலும் அறை சேர்ந்து ஒலிக்கும். 114-இன் உச்சம் அறையின் நட்டநடுவில். அங்கே உட்கார்ந்து ஏ கார்டு வாசித்தால் என்ன ஆகும் என்று ஆதம்பாக்கம் வாசகருக்குத் தெரியும். சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் உட்காருங்கள்.

பதிவுக்கு முன் இரும்பு பீரோவைக் கவனியுங்கள். ஒவ்வொரு ஸ்வரமாக அழுத்தி வாசித்துக்கொண்டே போனால் ஏதோ ஒன்றில் பீரோவின் கைப்பிடியோ கண்ணாடியோ கூடவே பாடும். கதவிடுக்கில் செய்தித்தாளை மடித்துச் செருகினால் அடங்கிவிடும்.

மழை தொடங்கியதிலிருந்து மைக்கில் ‘பட் பட்’ என்று பொரிகிற சத்தம். மார்ச்சில் நன்றாக இருந்த மைக். (மயிலாப்பூர் வாசகர்)

ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கேள்வி வராத வருடம் ஏது. கண்டென்சர் கேப்சூல் நுண்ணிய இடைவெளி விட்ட இரண்டு தகடுகள். அதிலிருந்து வரும் மின்சாரம் மிகமிகச் சிறியது, தடையோ கிகா ஓம் கணக்கில். ஈரம் படிந்தால் அந்தச் சிறு மின்சாரம் ஓரமாகக் கசியும். அந்தக் கசிவுதான் பொரிகிறது. ஏசி அறையில் குளிர்ந்த மைக்கைக் கூடத்துக்குக் கொண்டுவந்து உடனே மாட்டினாலும் இதே கதைதான். பையை மூடியபடியே அரைமணி நேரம் வைத்துவிட்டு எடுங்கள்.

முதலில் கேபிளை மாற்றுங்கள், பிறகு இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வேறு சேனலில் செருகுங்கள். சத்தம் மைக்கோடு கூடவே போனால்தான் மைக் குற்றவாளி. காற்றுப் புகாத டப்பாவில் 200 கிராம் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு நாள் மூடி வையுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் கேப்சூல் திருகும் இடத்தில் அழுக்கு இருக்கலாம். இன்டர்ஃபேஸ் மைக்குக்குத் தரும் 48 வோல்ட் மின்சாரத்தை நிறுத்தி, ஒரு நிமிடம் விட்டு, கழற்றி, நடுவில் உள்ள தொடுமுனையை மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். டயஃப்ரத்தை (கேப்சூலில் அதிரும் மெல்லிய படலம்) தொடவே கூடாது, வாயால் ஊதவும் கூடாது. ஹேர் டிரையர் பக்கம் போகாதீர்கள்.

நிரந்தர ஏற்பாடு கேமராக்காரர்கள் வைத்திருக்கும் டிரை பாக்ஸ், ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு. நீல ஜெல் இளஞ்சிவப்பானதும் ஓவனில் 120 டிகிரியில் சூடாக்கினால் மறுபடி நீலமாகும், சமையல் பாத்திரத்தில் மட்டும் வேண்டாம். இன்னொன்று: வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீடாக இருந்தால் அதற்கு முன்பே மைக்கை உள்ளே வைத்துவிடுங்கள். புகைத் துகள் டயஃப்ரத்தில் படிந்தால் ஈரத்தை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

எக்ஸ்எல்ஆர் (மைக்கின் மூன்று முனைச் செருகி) டு 3.5 மி.மீ. கேபிள் வாங்கி மைக்கை மடிக்கணினியில் செருகினேன். சத்தமே இல்லை. (ரெட்டேரி வாசகர்)

மைக் செத்துவிடவில்லை. அதற்கு 48 வோல்ட் ஃபான்டம் பவர் வேண்டும். மடிக்கணினியின் துளை தருவது சில வோல்ட்தான். ஃபான்டம் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குங்கள், ரிச்சி தெருவில் விற்கும் மாற்று கேபிள் எதுவும் இதற்கு உதவாது. முதலில் கேபிளைச் செருகி, ஸ்பீக்கரைக் குறைத்து, அதன்பிறகு 48 வோல்ட் பொத்தானைப் போடுங்கள். கழற்றும்போது தலைகீழ் வரிசை. 24 பிட்டில், உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தொடும்படி கெயின் வைத்தால் போதும். சிவப்பு விளக்கைத் தேடிப் போக வேண்டாம்.

சார்ஜரைச் செருகினால் ‘ர்ர்ர்’ என்று ஒரு உறுமல். எடுத்தால் நின்றுவிடுகிறது. (நங்கநல்லூர் வாசகர்)

இரண்டு பின் சார்ஜர், அல்லது எர்த் சரியில்லாத பிளக் பாயின்ட். பதிவின்போது பேட்டரியில் ஓட்டுங்கள், எலக்ட்ரீஷியனை அழைத்து அந்தப் பாயின்ட்டின் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்குகளைக் குறைக்கும் டிம்மர் இருந்தால் அதையும் அணைத்துப் பாருங்கள். நங்கநல்லூர் விமானங்களுக்கு எந்த மைக்கிலும் வழியில்லை. ஒன்று கடந்துபோய் அடுத்தது வரும் இடைவெளியில் ஒரு சரணத்தை முடித்துக்கொள்ளுங்கள்.

கிட்டாருக்கு வாங்கிய இதே ஜோடியில் வீணையைப் பதிவு செய்யலாமா? (திருவான்மியூர் வாசகர்)

தாராளமாக. வீணைக் கம்பிகள் மேல்நோக்கி இருப்பதால் மைக் மேலிருந்து பார்க்க வேண்டும்: குடத்துக்கு 40, 50 செ.மீ. உயரத்தில், சற்று முன்தள்ளி, குதிரைக்கும் கடைசி மெட்டுக்கும் நடுவே குறிபார்த்து. குதிரைக்கு நேர் மேலே வைத்தால் மீட்டும் நகத்தின் ‘டிக்’ ஒலி தூக்கும், கமகத்தின் இழைவு பின்னால் போய்விடும். தாளக் கம்பிகள் அதிகம் கேட்டால் மைக்கை அவற்றுக்கு எதிர்ப்பக்கம் ஒரு சாண் நகர்த்துங்கள். வாசிப்பவர் தரையில் உட்காருவதால் தரையின் எதிரொலி கிட்டாரைவிடச் சீக்கிரம் மைக்குக்கு வரும், ஜமக்காளத்தின் கீழே ஒரு போர்வையையும் மடித்துப் போடுங்கள். வீணை கிட்டாரைவிட மெல்லொலி. முதல் கேள்வியில் சொன்ன 13, 16, 19 என்ற சுய இரைச்சல் அளவுகள் இங்கேதான் கணக்கில் வரும்.