மேடையிலிருந்து வாழ்க்கை வரலாற்றுக்கு: ஹெஸ்கெத் பியர்சன் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா பற்றிய ஒரு நூலில்தான் ஹெஸ்கெத் பியர்சன் என்ற பெயரைப் பார்த்தேன். அவர் யார் ஐயா?

பதில்: 1887இல் இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில் பிறந்து 1964இல் மறைந்த நடிகர், வாழ்க்கை வரலாற்று எழுத்தாளர். வணிகத்தில் மனம் ஒட்டாமல் 1911இல் புகழ்பெற்ற நடிகர் ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீயின் நாடகக் குழுவில் சேர்ந்தார். முதல் உலகப் போரின்போது மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) ராணுவத்தில் பணியாற்றியபோது வயிற்றுக்கடுப்பும் மலேரியாவும் அவரைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோயின. படுக்கையில் கிடந்தபடி ஷேக்ஸ்பியரின் நீண்ட பகுதிகளை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான் தம்மைப் பிழைக்க வைத்தது என்று பின்னாளில் அவர் நம்பினார். வீரத்துக்கான பிரிட்டிஷ் ராணுவ விருதான மிலிட்டரி கிராஸும் அவருக்குக் கிடைத்தது.

கேள்வி: நடிப்பு அனுபவம் அவருடைய எழுத்தில் தெரிகிறதா? நான் நாடகம் பயில்பவள், அதனால் கேட்கிறேன்.

பதில்: ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது, அம்மா. வரலாறு எழுத அவர் தேர்ந்தெடுத்த மனிதர்களைப் பாருங்கள்: நகைச்சுவைக்குப் பேர்போன பாதிரியார் சிட்னி ஸ்மித், நாடகாசிரியர் ஆஸ்கர் வைல்ட், ஓவியர் விஸ்லர், ஆங்கில அகராதி தொகுத்த டாக்டர் ஜான்சன். எல்லோருமே வாய்ப்பேச்சால் ஒரு கூடத்தையே தம் வசமாக்கியவர்கள். பாத்திரம் பேசத் தொடங்கும்போதுதான் உயிர் பெறுகிறது என்பதை மேடையில் கற்றவர் என்பதால், ஆண்டுகளையும் பதவிகளையும் அடுக்குவதைவிட, அந்த மனிதர் யாரிடம், எந்தத் தருணத்தில், என்ன சொன்னார் என்பதையே அவர் தேடினார். 1895ஆம் ஆண்டில் தன்பால் உறவுக் குற்றச்சாட்டில் நடந்த வழக்கும் சிறையும் வைல்டின் பெயரை மூடியிருந்த நிலையில், 1946இல் வெளியான பியர்சனின் நூல் விருந்து மேசையில் எல்லோரையும் சிரிக்க வைத்த வைல்டை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. அது ஒரு பெரிய நியாயம் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: பியர்சன் எழுதிய ஷாவின் வரலாற்றில் ஷாவே கைவைத்தார் என்பது உண்மையா?

பதில்: உண்மை. 1942இல் வெளியான அந்நூலின் கைப்பிரதியை ஷா திருத்தினார். அதோடு நில்லாமல், தம்மைப் பற்றித் தாமே படர்க்கையில் எழுதிய பகுதிகளையும் சேர்த்தார். எது ஷாவின் வாக்கியம், எது பியர்சனின் வாக்கியம் என்று பக்கத்தைப் பார்த்துப் பிரித்தறிய முடியாது. ஷா 1950இல் மறைந்த பிறகு வந்த பின்னுரை நூலில் பியர்சன் இந்தக் கதையை வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஆகவே அந்நூலை வாசிக்கும்போது, பாதி வரலாறாகவும் பாதி தன்வரலாறாகவும் கொள்வதே சரி.

கேள்வி: பியர்சன் ஒருமுறை நீதிமன்றம் ஏறினாராமே, எதற்காக?

பதில்: 1926இல் ஓர் அரசதந்திரியின் நாட்குறிப்பு என்று சொல்லிக்கொண்டு, ஆசிரியர் பெயர் இல்லாமல் ‘தி விஸ்பரிங் கேலரி’ என்ற நூல் வந்தது. எழுதியவர் பியர்சன், பதிப்பாளரிடமோ இத்தாலியில் தூதராக இருந்த ரெனல் ராட் எழுதியது என்று சொல்லியிருந்தார். பத்திரிகைகள் கொதித்தன, பொய் சொல்லிப் பணம் பெற்றதாக வழக்குத் தொடரப்பட்டது. 1927இல் விடுதலையானார். சட்டம் விடுவித்தாலும், உயிரோடிருந்த ஒருவரின் பெயரை அப்படி எடுத்தாண்டது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை.

கேள்வி: அப்படியானால் அவரை நம்பி மேற்கோள் காட்டலாமா? ஆய்வுக்காகக் கேட்கிறேன்.

பதில்: ஆள் எப்படிப்பட்டவர் என்பதற்கு நம்பலாம், தேதிக்கும் ஆவணத்துக்கும் வேறு நூலோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். அவர் அடிக்குறிப்புகளால் பக்கத்தை நிரப்புபவர் அல்லர். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கோனன் டாயிலைச் சாமானிய மனிதர்களின் பிரதிநிதியாக அவர் 1943இல் சித்திரித்தபோது, டாயிலின் மகன் ஏட்ரியன் கடுமையாகச் சினந்து, மறுப்பாகவே ஒரு சிறுநூல் எழுதினார். குடும்பத்தாரின் சினம் மட்டும் ஒரு நூலைப் பொய்யாக்கிவிடாது. இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.

கேள்வி: முதலில் எதை வாசிக்கலாம் ஐயா?

பதில்: 1934இல் வந்த சிட்னி ஸ்மித் வரலாற்றில் தொடங்குங்கள், எழுத்தாளர் ஜி. கே. செஸ்டர்டன் முன்னுரை எழுதியிருக்கிறார். அடுத்து, 1956இல் பீர்போம் ட்ரீயைப் பற்றி எழுதியது. பெரும்பாலோரைக் கடிதங்களிலும் பிறர் நினைவுகளிலும் தேடியவர், ட்ரீயை அவருடைய குழுவில் ஒரு நடிகராக நின்று நேரில் பார்த்திருந்தார்.