கடற்பஞ்சுப் பொடியைக் கொடுக்கலாமா?

அன்புள்ள அண்ணனுக்கு,

என் சித்திக்கு மார்பகப் புற்றுநோய். மதுரையில் கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது. ராமேஸ்வரம் பக்கம் போய்வந்த மச்சான், கடற்பஞ்சைக் காயவைத்து இடித்த பொடி என்று ஒரு டப்பா வாங்கி வந்திருக்கிறார். புற்றுநோய் மருந்தையே கடற்பஞ்சிலிருந்துதான் எடுத்தார்கள் என்று செல்போனில் ஒரு வீடியோவும் காட்டினார். தேடிப் பார்த்தேன், உண்மை போலத்தான் தெரிகிறது. பாலில் கலந்து கொடுக்கலாமா?

ச., திருமங்கலம்

அன்புள்ள தம்பி,

கொடுக்க வேண்டாம். இதை முதலில் வீட்டில் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

மச்சான் காட்டிய வீடியோவில் பொய் இல்லை. பாதி உண்மையோடு நின்றுவிட்டதுதான் ஆபத்து. எரிபுலின் என்று ஓர் ஊசி இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் உடம்பில் பரவி, முன்பு கொடுத்த கீமோவுக்கு அடங்காதபோது போடுவது. அமெரிக்காவில் 2010-இல் அனுமதி பெற்றது. அதற்கு மூலம், ஜப்பான் கடலோரத்தில் கிடைக்கும் ஹாலிகாண்ட்ரியா ஒகடாய் என்ற கறுப்பு நிறக் கடற்பஞ்சு. 1980-களின் நடுவில் உவெமுரா, ஹிராட்டா என்ற இரண்டு வேதியியலாளர்களின் குழு இந்தப் பஞ்சை 600 கிலோ சேகரித்துப் பிரித்தெடுத்தது. புற்றுநோய் செல்லைத் தடுக்கிற பொருளுக்கு ஹாலிகாண்ட்ரின் பி என்று பெயர். கையில் மிஞ்சியது எவ்வளவு தெரியுமா? 12.5 மில்லிகிராம். சமையலுக்குப் போடும் ஒரு சிட்டிகை உப்பில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அப்படியானால் டப்பாவிலிருந்து எடுக்கும் ஒரு ஸ்பூனில் என்ன இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். அதுவும் அந்த இனமாகவே இருந்தால். கடற்பஞ்சில் ஆயிரக்கணக்கான இனங்கள் உண்டு.

இனிமேல் சொல்வதை மச்சானிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதே ஒகடாய் பஞ்சிலிருந்து ஒகடாயிக் அமிலம் என்ற இன்னொரு பொருளும் கிடைத்தது. உண்மையில் அதை உண்டாக்குவது கடலில் வாழும் நுண்பாசி; பஞ்சு அதை உள்ளிழுத்துச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. கடல் சிப்பிகளில் இந்த அமிலம் ஏறிவிட்டால், தின்றவர்களுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு வரும். எலிகளில் செய்த சோதனைகளில் இது கட்டி வளர்வதைத் தூண்டியது. கட்டியை ஒடுக்கும் பொருளும் வளர்க்கும் பொருளும் ஒரே உயிரில்! ஆய்வகத்தில் ஒன்றைத் தனியே பிரிக்கலாம். உரலில் இடித்தால் எல்லாம் சேர்ந்துதான் வரும்.

கடற்பஞ்சுக்கு ஏன் இவ்வளவு விஷம்? பாறையில் ஒட்டிய இடத்திலேயே வாழ்நாள் முழுவதும் இருக்கிற பிராணி அது. ஓட முடியாது, கடிக்கப் பல்லும் கிடையாது. தன்னை மேய வருகிற மீனையும் இடத்துக்குப் போட்டி போடுகிற அக்கம்பக்கத்து உயிர்களையும் வேதிப்பொருட்களால்தான் தள்ளி வைக்கிறது. பலவற்றை அதன் உடம்பில் குடியிருக்கும் பாக்டீரியாக்களே செய்து கொடுக்கின்றன. செல்லைப் பிளவுபடவிடாமல் நிறுத்துகிற அந்த விஷத்தைத்தான் நாம் மருந்தாக்கிக்கொண்டோம்.

இன்றைக்கு அந்த எரிபுலின் ஊசிக்குள் கடற்பஞ்சு துளியும் கிடையாது. 1992-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கிஷி என்ற வேதியியலாளரின் குழு ஹாலிகாண்ட்ரின் பி-யை முழுவதும் ஆய்வகத்திலேயே கட்டிக் காட்டியது. அப்புறம்தான் மூலக்கூறின் ஒரு பாதியே வேலைக்குப் போதும் என்று தெரிந்தது. அதைத் திருத்தியதுதான் எரிபுலின்; தொழிற்சாலையில் அறுபதுக்கும் மேற்பட்ட படிகளில் செய்கிறார்கள். இதற்கு முன்னோடி சைட்டரபின் என்ற மருந்து. 1950-களின் தொடக்கத்தில் பெர்க்மன் என்ற வேதியியலாளர் ஃபுளோரிடாக் கடற்பஞ்சில் கண்ட பொருட்களைப் பார்த்து ஆய்வகத்தில் உருவாக்கியது. 1969-இல் அனுமதி பெற்று, இன்றும் ரத்தப் புற்றுநோய்க்கு அன்றாடம் பயன்படுகிறது.

எரிபுலினின் அளவு உடம்பின் ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு 1.4 மில்லிகிராம். ஒவ்வொரு தடவையும் ரத்தத்தில் வெள்ளணுக்களை எண்ணிப் பார்த்துத்தான் போடுவார்கள். குறைந்திருந்தால் தள்ளிப்போடுவார்கள். எப்படிக் காயவைத்தது, என்ன கலந்தது என்று தெரியாத பொடியை, கீமோவால் எதிர்ப்புச் சக்தி இறங்கியிருக்கிற சித்தியின் வயிற்றுக்குள் போட எனக்கு மனம் வரவில்லை. பல கடற்பஞ்சுகளின் உடம்பில் கண்ணாடி போன்ற சிலிக்கா ஊசிகள் வேறு நிறைந்திருக்கும். சிலவற்றை வெறும் கையால் தொட்டாலே அரிக்கும்.

மச்சானைக் கோபிக்காதீர்கள், அன்பில்தான் வாங்கியிருக்கிறார். ஆனால் மறுபடியும் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே அனுமதியில்லாமல் எந்த உயிரையும் எடுக்கக் கூடாது. இன்னும் யாரும் ஆராயாத பஞ்சு இனங்கள் அங்கே இருக்கின்றன. ஆராய்ச்சிக்குச் சின்னத் துண்டு போதும். பொடிக்காகச் சுரண்டி எடுத்தால், நாளைக்கு ஒரு நோயாளிக்கு உதவியிருக்கக்கூடிய மருந்தின் முன்மாதிரியே போய்விடும்.

அடுத்த கீமோவுக்குப் போகும்போது அந்த டப்பாவையும் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே ஒரு வேளை கொடுத்திருந்தால் காத்திருக்காமல் இன்றைக்கே போன் செய்து, எப்போது, எவ்வளவு என்று மறைக்காமல் சொல்லுங்கள். சித்திக்குக் காய்ச்சல் கண்டால் நேரம் பார்க்க வேண்டாம், ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.