வாசகர் கேள்வி பதில்: எழுத்திலிருந்து திரைக்கு வந்த அறிவியல் கதைகள்

கேள்வி: ‘டியூன்’ படத்தின் இரண்டு பாகங்களையும் பார்த்துவிட்டு இப்போது நாவலைப் படித்து முடித்தேன். படத்தின் இறுதியில் காதலி சானி நாயகன் பாலை விட்டு விலகிப் போகிறாள். நாவலிலோ கடைசிவரை அவனுடனேயே இருக்கிறாள். மூலக் கதையை இந்த அளவுக்கு மாற்ற இயக்குநருக்கு உரிமை உண்டா? (மதுரை வாசகர்)

பதில்: இந்த மாற்றம் நாவலாசிரியரின் எண்ணத்துக்கு எதிரானது அன்று என்றே நினைக்கிறேன். இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிறகு, கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பெயர் பெற்றிருந்த ஒரு நிறுவனத்தின் மூலம் 1965இல் வெளிவந்த இந்த நாவலை, மீட்பர்களாக வரும் தலைவர்களை நம்பிப் பின்தொடர்வதன் ஆபத்தைச் சொல்வதற்காகவே ஃபிராங்க் ஹெர்பெர்ட் எழுதினார். ஆனால் வாசகர்களில் பலர் பால் அட்ரீடீஸை வழக்கமான வீரநாயகனாகவே ஏற்றுக்கொண்டார்கள். 1969இல் வந்த அடுத்த நாவலில் அவர் அந்த எச்சரிக்கையை இன்னும் வெளிப்படையாக எழுதினார். இயக்குநர் டெனி வில்நெவ் அந்த எச்சரிக்கையைச் சானியின் கண்களில் வைத்துவிட்டார். ஊரே மண்டியிடும்போது அவள் மட்டும் நிமிர்ந்து நிற்பதால், பார்வையாளருக்கும் ஐயம் எழுகிறது. நாவலில் இந்த வேலையைப் பாத்திரங்களின் மனக்குரல் செய்கிறது. ஹெர்பெர்ட்டின் நடையில் ஒருவர் வாயால் ஒன்றைச் சொல்லிக்கொண்டே மனத்துக்குள் வேறொன்றை எடைபோடுவார். அராக்கீன் அரண்மனை விருந்துக் காட்சி முழுவதுமே அப்படி எழுதப்பட்டது. 1984இல் டேவிட் லிஞ்ச் அந்த மனக்குரலைக் கிசுகிசுப்பாக ஒலிக்கச் செய்து பார்த்தார். அது கதையோட்டத்தை அடிக்கடி தடுத்தது. வில்நெவ் அதைக் கைவிட்டார்; விருந்துக் காட்சியும் உடன் போயிற்று.

என் வருத்தம் வேறோர் இடத்தில் இருக்கிறது. நாவலில் பால் பாலைவன மக்களிடையே ஆண்டுக்கணக்கில் வாழ்கிறான். அவனுக்கு ஒரு மகன் பிறந்து இறக்கிறான். தங்கை ஆலியா பிறந்து, சிறு குழந்தையாகவே, தன் பாட்டனும் குடும்பத்தின் எதிரியுமான பாரன் ஹார்கோனனைக் கொல்கிறாள். படத்திலோ ஆலியா தாயின் வயிற்றிலிருந்து வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஒரு மக்கள் கூட்டத்தின் மொழியையும் வழக்கத்தையும் உண்மையாகவே தனதாக்கிக்கொண்ட ஒருவன், பிறகு அதே மக்களைப் போருக்கு இட்டுச் செல்கிறான் என்பதில்தான் நாவலின் துயரம் இருக்கிறது. அதற்கு வேண்டிய காலத்தைப் படம் கொடுக்கவில்லை.

கேள்வி: ஆர்தர் சி. கிளார்க்கின் ‘2001’ நாவலில் விண்கலம் சனிக்குப் போகிறது. படத்தில் வியாழனோடு நின்றுவிடுகிறது. எது சரி? (திருகோணமலை வாசகர்)

பதில்: இரண்டும் சரியே. இது நாவலிலிருந்து எடுத்த படம் அன்று. கிளார்க்கின் பழைய சிறுகதை ஒன்றை விதையாகக் கொண்டு, அவரும் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கும் நாவலையும் திரைக்கதையையும் ஒரே காலத்தில் வளர்த்தெடுத்தார்கள். இரண்டும் 1968இல் வெளிவந்தன. சனியின் வளையங்களை நம்பும்படியாகத் திரையில் காட்ட அன்றைய நுட்பத்தால் இயலாததால், படத்தின் பயணம் வியாழனோடு முடிந்தது. நாவலின் கலமோ வியாழனின் ஈர்ப்பால் வேகம் பெற்றுச் சனிக்குச் செல்கிறது. 1979இல் வாயேஜர் கலங்கள் வியாழனைக் கடந்தபோது இதே உத்தி நடைமுறையில் பயன்பட்டது. 1982இல் அடுத்த நாவலை எழுதியபோது கிளார்க் தம் சனியை விட்டுவிட்டுப் படத்தின் வியாழனையே எடுத்துக்கொண்டார்; ஓர் எழுத்தாளர் திரையாக்கத்துக்கு இடம்விட்டு நின்ற அரிய நிகழ்வு அது.

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. 1956இல் இலங்கையில் குடியேறிய கிளார்க், திருகோணமலைக் கடலில் மூழ்கித்தான் கோணேசர் கோயிலின் இடிபாடுகளைப் பார்த்தார். அந்தத் தீவின்மீது அவருக்கிருந்த பற்றை அறிய, 1979இல் வெளிவந்த ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ நாவலைப் படியுங்கள். விண்ணுக்கு மின்தூக்கி கட்டுவதற்காக, தீவையே நிலநடுக்கோட்டுக்கு நகர்த்தி எழுதியிருக்கிறார். அதில் வரும் மலையும் பாறைக் கோட்டையும் சிவனொளிபாதத்தையும் சிகிரியாவையும் ஒத்தவை.

கேள்வி: ‘அரைவல்’ படம் என்னை அழவைத்தது. மூலக் கதையையும் படிக்க வேண்டுமா? (கோவை வாசகி)

பதில்: கட்டாயம் படியுங்கள், டெட் சியாங் 1998இல் வெளியிட்ட ‘ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்’ என்ற நெடுங்கதை அது. 2016இல் வந்த படத்தில் மகள் நோயால் இளவயதில் இறக்கிறாள். கதையில் அவள் இருபத்தைந்து வயதில் மலையேறும்போது விபத்தில் இறக்கிறாள். நோயைத் தாயால் தடுக்க முடியாது. விபத்தையோ ஒரு சொல் சொல்லித் தடுத்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. வேற்றுக்கோள் உயிர்களின் மொழியைக் கற்றதால் எதிர்காலத்தை முன்பே அறிந்திருந்தும் அந்தச் சொல்லைத் தாய் ஏன் சொல்லவில்லை என்பதற்கு விடையாகவே, ஒளி மிகக் குறைந்த நேரம் பிடிக்கும் பாதையில் செல்கிறது என்ற ஃபெர்மாவின் விதியைச் சியாங் கொண்டுவருகிறார். சேருமிடத்தை அறிந்தே புறப்படுவதுபோல் ஒளி நடந்துகொள்கிறதல்லவா? படம் அந்த இயற்பியலைத் தள்ளிவைத்துவிட்டு, உலக நாடுகளின் பதற்றத்தை முன்னே கொண்டுவந்தது.

கதையில் தாய், மகளின் வாழ்க்கையை எதிர்காலத்தில் சொல்லிக்கொண்டே போகிறாள். இதைத் தமிழில் மனத்துக்குள் சொல்லிப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது. ‘நீ ஓடி வந்து என் மடியில் விழுவாய்’ என்ற வாக்கியம், நம் மொழியில் இனி நடக்கப்போவதையும் குறிக்கும், முன்பு வழக்கமாக நடந்ததையும் குறிக்கும். சியாங் பல பக்கங்களில் உருவாக்கிய அந்த மயக்கம் நம்முடைய வினைமுற்றிலேயே இருக்கிறது. தமிழில் இதை மொழிபெயர்க்க முன்வருபவரைக் காண ஆவலாக இருக்கிறேன்.

கேள்வி: ‘த்ரீ பாடி பிராப்ளம்’ நாவலின் எந்தத் தொடரைப் பார்க்கலாம்? (சேலம் வாசகர்)

பதில்: நாவலின் நடையும் சீனச் சூழலும் வேண்டுமென்றால், 2023இல் டென்சென்ட் வெளியிட்ட முப்பது பகுதித் தொடர். விரைவு வேண்டுமென்றால், கதையின் பெரும்பகுதியை லண்டனுக்கு மாற்றிய எட்டுப் பகுதி நெட்ஃபிளிக்ஸ் தொடர். நான் முதலாவதையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: தாங்கள் இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: ஸ்தானிஸ்லாவ் லெம் 1961இல் போலிஷ் மொழியில் எழுதிய ‘சோலாரிஸ்’ நாவலை மூன்றாவது முறையாகப் படிக்கிறேன். முதல் இரண்டு முறையும் நான் படித்தது, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த பதிப்பு. இப்போது கையில் இருப்பது போலிஷிலிருந்து நேரடியாகப் பெயர்த்தது. தார்கோவ்ஸ்கி 1972இலும் சோடர்பெர்க் 2002இலும் எடுத்த படங்கள், இறந்த மனைவி திரும்பி வரும் துயரத்தையே முதன்மையாக்கின. லெம்முக்கு இதில் உடன்பாடு இல்லை. அவர் பக்கம் பக்கமாக எழுதியது சோலாரிஸ் என்ற அந்தக் கோளின் உயிருள்ள கடலைப் பற்றி: அது எழுப்பிக் கலைக்கும் மாபெரும் வடிவங்கள், அவற்றுக்குப் பெயரிட்டு நூலகம் நிறைய எழுதிக் குவித்தும் எதையும் புரிந்துகொள்ளாத தலைமுறை தலைமுறையான அறிஞர்கள். நேற்றிரவு அந்த நூலகப் பகுதியில்தான் இருந்தேன். அதைவிட்டு அடுத்த இயலுக்குப் போக இன்னும் மனம் வரவில்லை.