குட்டிக்கரணம் போட்டால் வளர்த்தி நின்றுவிடுமா?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. பள்ளி விட்டதும் ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்புக்குப் போகிறாள், அவளுக்கு அது உயிர். "தலைகீழா நின்னா பிள்ளை வளராது, குள்ளமாவே போயிடும்" என்று மாமியார் தினமும் சொல்கிறார். இந்தக் குளிரில் இதெல்லாம் தேவையா என்கிறார் கணவர். நிறுத்திவிடட்டுமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: நிறுத்த வேண்டாம். மாமியாரையும் குறை சொல்ல முடியாது, டிவியில் வருகிற வீராங்கனைகள் பெரும்பாலும் குட்டையாகத்தானே இருக்கிறார்கள், ஒலிம்பிக்கில் தங்கம் குவித்த அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸே 142 செ.மீ.தான். ஆனால் குட்டை உடம்புக்குக் காற்றில் சுழல்வது சுலபம், அதனால் அப்படிப்பட்டவர்கள்தான் இதில் கடைசிவரை நிற்கிறார்கள். கூடைப்பந்துக்காரர்கள் ஆடி ஆடியா நெட்டையானார்கள்?

குதித்து இறங்கும்போது விழுகிற அதிர்ச்சி எலும்பைக் கெட்டிப்படுத்தும், பருவமடைவதற்கு முந்தைய இந்த வயதில் நன்றாகவே. 5 முதல் 17 வயது வரை தினம் 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும், வாரத்தில் 3 நாளாவது எலும்புக்கும் தசைக்கும் வேலை கொடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மழை பிடித்தால் வாரக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே முடங்கும் நம் மலைப் பிள்ளைகளுக்கு இது எங்கே கிடைக்கிறது, சொல்லுங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது மணிக்கட்டை. கையை ஊன்றித் தலைகீழாக நிற்கும்போது மொத்த எடையும் அங்கேதான் இறங்கும், எலும்பு வளர்கிற குருத்துப் பகுதியும் அங்கேதான் இருக்கிறது. பாயிலிருந்து எழும்போது உள்ளங்கையை விரித்து ஊன்றாமல் விரல்களை மடக்கி முஷ்டியால் ஊன்றுகிறாளா? அப்படியென்றால் வலியை மறைக்கிறாளோ என்னவோ. சில வாரம் ஓய்வு கொடுத்து எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். பின்னால் வளையும்போது இடுப்பு வலித்தாலும் அப்படியே. பயிற்சிக்குத் தடிமனான மேட் இருக்கிறதா என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். "சாப்பாட்டைக் குறை" என்று சொல்கிற கோச் என்றால் அன்றைக்கே வேறு இடம் தேடுங்கள், வளர்த்தியைக் கெடுப்பது கரணமில்லை, அரைவயிறுதான். அவசரமும் வேண்டாம், ஒலிம்பிக்கிலேயே 16 வயது நிறைகிற வருடத்துக்கு முன் விடமாட்டார்கள்.

குளிருக்கு வருகிறேன். விறைத்த உடம்போடு நேராகக் கரணம் போட்டால் சதை பிடித்துக்கொள்ளும், அதனால் ஸ்வெட்டரோடே நன்றாக ஓடிக் குதித்து உடம்பு சூடானதும் கழற்றட்டும். முடித்ததும் வியர்வையைத் துடைத்து உடனே மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், சாதாரணமாக மறந்துவிடுவார்கள்.