பிறப்புச் சான்றிதழில் வர வேண்டியது பெற்றவர்கள் பெயரா, சட்டப்படி பெற்றோர் பெயரா?

பெற்றவர்கள் என்றால் ரத்த உறவு. சட்டப்படி பெற்றோர் என்றால் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட, சொத்தில் பங்கு தரப் பொறுப்புள்ளவர்கள். பெரும்பாலான வீடுகளில் இரண்டும் ஒருவரே என்பதால் கேள்வியே எழாது, தத்தெடுக்கும்போதுதான் எழும். இந்தியாவில் தத்து உத்தரவு வந்ததும் வளர்ப்புப் பெற்றோர் பெயரிலேயே சான்றிதழ் தருகிறார்கள், அதுதான் சரி என்பேன், ஏனென்றால் அது வாழ்நாள் முழுக்க எடுத்து நீட்ட வேண்டிய தாள், ஐந்து வயசுப் பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பள்ளி அலுவலக ஜன்னலில் "அப்ப நீங்க சொந்த அம்மா இல்லையா?" என்ற கேள்வி எந்தத் தாய்க்கும் வரக் கூடாது.

பெற்றவர்கள் இருவர் பெயரும் இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, மணமாகாத தாய் அப்பா பெயரைச் சொல்லாவிட்டாலும் சான்றிதழ் தர வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பட்டாவை நினைத்துப் பாருங்கள் (பிள்ளையை நிலத்தோடு ஒப்பிடவில்லை, தாளைத் தாளோடுதான்). நிலம் இன்று யார் பெயரில் என்பதை அது சொல்லும், முன்பு கைமாறிய கதைக்கு வில்லங்கச் சான்று தனியாக இருக்கிறது. தத்துப் பதிவுகளும் அப்படித்தான், தனியே பத்திரமாக இருக்கும்.

பெயர் மாறினால் பிள்ளையின் பூர்வீகமே அழிந்துவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அழியாது, 18 வயதானதும் அவரே தேடி விண்ணப்பிக்கலாம், தன் பெயரை ரகசியமாக வைக்கச் சொன்ன பெற்ற தாய் என்றால் அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும்.