பீட் போடட்டும், வீட்டை அடமானம் வைக்காதீர்கள்

ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: ப்ளஸ் டூ முடித்த மகன் பீட் (ராப் பாட்டுக்கான பின்னணி இசை) போட்டு அமெரிக்க ராப் இசைத் தயாரிப்பாளர் டாக்டர் ட்ரே மாதிரி வரப்போவதாகச் சொல்லி, வெளிநாட்டு மியூசிக் புரொடக்‌ஷன் டிப்ளமோவுக்கு வீட்டை அடமானம் வைக்கச் சொல்கிறான். தாய்மாமாவோ மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறார். கவலைப்படாதீர்கள் அம்மா என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் என் பதில், இரண்டும் வேண்டாம்.

ட்ரே தொழில் பழகியது லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் காம்ப்டன் வட்டாரத்தில், அவர் டிஜேயாக இருந்த கிளப்பின் பின்னறை ஸ்டுடியோவில். அங்கே இருந்தது நாலு ஒலியை மட்டும் தனித்தனியாகப் பதியும் நாலு ட்ராக் ரெக்கார்டர்தான். 1992-ல் 'தி க்ரானிக்' ஆல்பம் பெரும் பேர் வாங்கித் தந்தது. ஆனாலும் 1996-ல் தான் சேர்ந்து தொடங்கிய டெத் ரோ ரெக்கார்டு கம்பெனியை விட்டு வந்தபோது தன் பங்கையும் விட்டுவிட்டுத்தான் வந்தார். பிறகு ஆஃப்டர்மாத் என்று சொந்த லேபிள், அதாவது ரெக்கார்டு கம்பெனி. இசைத் தயாரிப்பாளர் ஜிம்மி அயோவினோடு 2006-ல் தொடங்கிய பீட்ஸ் ஹெட்ஃபோன் கம்பெனியை 2014-ல் ஆப்பிள் 300 கோடி டாலருக்கு வாங்கியது. பேர் கொடுத்தது பீட். பெரும் பணம் வந்தது கம்பெனியில் இருந்த பங்கில்.

பையனுக்கு யாரும் கண்டுகொள்ளாத வழி ஒன்று உண்டு: இசை உரிமை, ராயல்டி நிர்வாகம். லேபிள், மெட்டு-வரி உரிமையைப் பார்க்கும் பப்ளிஷிங் கம்பெனி, பாட்டை ஆப்களில் ஏற்றும் விநியோக நிறுவனம் எல்லாவற்றிலும் இந்த வேலைக்கு ஆள் வேண்டும். ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து: மெட்டும் வரியும் ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. பழைய ரெக்கார்டை வெட்டி ஒட்டினால் இரண்டுக்கும் அனுமதி வேண்டும். 'க்ரானிக்' பாடல்கள் பலவற்றில் செய்ததுபோல் ஆள் வைத்துப் புதிதாக வாசித்தால் ஒலிப்பதிவு அனுமதி தேவையில்லை. மெட்டின் உரிமைக்காரரிடம் மட்டும் அனுமதி வாங்கினால் போதும். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து அடையாள எண் உண்டு. விநியோக நிறுவனத்தை மாற்றும்போது பழைய எண்ணைக் கொடுக்க மறந்தால், அதே பாட்டு வேறு பாட்டாகக் கணக்காகும். இசையமைப்பாளர், பாடலாசிரியர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தின் பதிவில் ஓர் இனிஷியல், பாட்டை ஏற்றும்போது வேறு இனிஷியல் என்றால் பணம் ஆள் தெரியாமல் அங்கேயே கிடக்கும். உரிமையை எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் கால அளவு எழுதவில்லை என்றால் நம் காப்பிரைட் சட்டப்படி ஐந்து வருஷம்தான். அதனால்தான் கம்பெனிகள் 'என்றென்றைக்கும்' என்று எழுதுகின்றன. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக் கேட்கத் தெரிந்தவனுக்கு வேலை உண்டு.

படிப்புக்குப் பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.காம். போதும். வேண்டுமானால் பிறகு சட்டம் படிக்கலாம். லேப்டாப், மைக்கை அதோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், நல்ல ஹெட்ஃபோன், இதற்கு மேல் இப்போது ஒரு ரூபாய் கூடாது. அவன் பீட்டை முடிக்கிறானா, ப்ளக்-இன் (இசை மென்பொருளின் துணை நிரல்) சேர்த்துக்கொண்டே இருக்கிறானா என்றும் பாருங்கள். முடிக்கிற பையனை வற்புறுத்தி கம்ப்யூட்டர் சயின்ஸில் உட்கார வைத்தால் அரியர்தான் மிஞ்சும். மாமாவிடம் அதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

நண்பர்களுக்கு இதுவரை கொடுத்த பீட்டுகளுக்கு இந்த வாரமே ஸ்ப்ளிட் ஷீட் எழுதச் சொல்லுங்கள்: பாட்டின் பேர், யார் என்ன செய்தார், ஆளுக்கு எத்தனை சதவீதம், கூட்டினால் 100, எல்லார் கையெழுத்தும். பதினெட்டு ஆகாதவர் யாராவது இருந்தால் அந்தக் கையெழுத்து செல்லாது. வயது வந்ததும் மறுபடி வாங்க வேண்டும். கையெழுத்துப் போடத் தயங்கும் நண்பனுக்கு ட்ராக் ட்ராக்காகப் பிரித்த வேவ் ஃபைல் போகக் கூடாது, நடுநடுவே அவன் பேர் ஒலிக்கும் குரல் முத்திரை போட்ட எம்பி3 மட்டும்.